சப்ஃபோல்டரில் ஏற்றிய தளத்தில் லிங்குகள் ஏன் உடைகின்றன

நம் கணினியில் ஒழுங்காக ஓடிய தளம், ஏற்றியதும் வெள்ளைப் பக்கமும் நீலக் கோடிட்ட லிங்குகளுமாக நிற்கும். சிஎஸ்எஸ் வராது, படம் வராது, மெனுவில் எதைத் தட்டினாலும் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பதில். தளங்களை ஏற்றிவைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் முதல்முறை ப்ராஜெக்ட் தளம் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பார்கள். உடனே பில்டை (மூல ஃபைல்களிலிருந்து தளத்தை உருவாக்கும் வேலையை) சந்தேகப்பட்டு மூன்று முறை திரும்ப ஓட்டுவார்கள். பில்டில் ஒரு குறையும் இருக்காது. ஃபைல்கள் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும். பிரவுசர்தான் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

லோக்கல் சர்வர் தளத்தை டொமைனின் வேரிலேயே வைத்துக் காட்டுகிறது: லோக்கல்ஹோஸ்ட்:8000/. கிட்ஹப்பில் ப்ராஜெக்ட் தளம் கிடைப்பதோ பயனர்பெயர்.கிட்ஹப்.ஐஓ/ரெப்போபெயர்/ என்ற முகவரியில். நடுவில் வந்து உட்கார்ந்த அந்த ரெப்போ (ப்ராஜெக்டின் ஃபைல்கள் இருக்கும் கிடங்கு) பெயர்தான் பேஸ் பாத். பயனர்பெயர்.கிட்ஹப்.ஐஓ என்றே ரெப்போவுக்குப் பெயர் வைத்தால் தளம் வேரிலேயே வந்துவிடும், இந்தத் தொல்லை கிடையாது. ஒரே டொமைனில் வலைப்பூ ஒரு ஃபோல்டரிலும் ஆவணங்கள் இன்னொரு ஃபோல்டரிலும் இருக்கும் சொந்த சர்வரிலும் இதே கதைதான்.

பிரவுசர் ஒரு லிங்கை எப்படி முழு முகவரியாக்குகிறது?

இதற்கான விதி 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. சுருக்கம் இவ்வளவுதான்: இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியை எடு, கடைசி ஸ்லாஷுக்குப் பின்னால் இருப்பதை வெட்டு, லிங்கில் உள்ளதை ஒட்டு, பிறகு புள்ளிகளைத் தீர் (ஒவ்வொரு .. குறிக்கும் ஒரு ஃபோல்டர் மேலே ஏறு). உங்கள் டிஸ்கில் ஃபோல்டர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பிரவுசருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அதற்குத் தெரிந்தது அட்ரஸ் பாரில் உள்ள எழுத்துகள் மட்டும்.

பக்கம் எக்ஸாம்பிள்.காம்/குறிப்பேடு/பதிவுகள்/முதல்/ என்று வைத்துக்கொள்வோம். பேஸ் பாத் /குறிப்பேடு/. இந்தப் பக்கத்தில் /படங்கள்/அட்டை.பிஎன்ஜி என்று எழுதினால், ஸ்லாஷில் தொடங்குவதால் பிரவுசர் டொமைனின் வேருக்கே போய்விடும். குறிப்பேடு காணாமல் போகும். ஸ்லாஷ் இல்லாமல் படங்கள்/அட்டை.பிஎன்ஜி என்றால் /குறிப்பேடு/பதிவுகள்/முதல்/படங்கள்/ என்பதற்குள் தேடும். ../../படங்கள்/அட்டை.பிஎன்ஜி என்றால்தான் /குறிப்பேடு/படங்கள்/ கிடைக்கும்.

வேரைத் தாண்டி மேலே ஏறச் சொன்னால் பிரவுசர் பிழை சொல்லாது, அதிகப்படியான .. குறிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் இரண்டு .. போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டிருந்தாலும் லோக்கலில் படம் வந்துவிடும், ஏனென்றால் அங்கே வேருக்கு மேலே எதுவும் இல்லை. சப்ஃபோல்டரில் ஏற்றியதும் அந்த மூன்றாவது .. குறிப்பேடையே தாண்டி வெளியே போய்விடும். ‘லோக்கலில் சரியாக இருந்ததே’ என்ற புலம்பலில் பாதி இதிலிருந்து வருகிறது.

கடைசி ஸ்லாஷ்

மேலே சொன்ன விதியில் ‘கடைசி ஸ்லாஷுக்குப் பின்னால் வெட்டு’ என்ற துண்டைத் திரும்பப் படியுங்கள். /பதிவுகள்/முதல்/ என்ற முகவரியில் வெட்ட எதுவும் இல்லை. /பதிவுகள்/முதல் என்றால் ‘முதல்’ வெட்டுப்படும். ஒரே பக்கம், ஒரே ஹெச்டிஎம்எல், ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ரிலேட்டிவ் லிங்கும் (ஸ்லாஷிலோ டொமைனிலோ தொடங்காதது) ஒரு படி தள்ளிப் போகும்.

ஃபோல்டருக்குள் இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் இருந்தால், ஸ்லாஷ் இல்லாத முகவரியை ஸ்லாஷ் உள்ள முகவரிக்கு 301 (முகவரி மாறிவிட்டது என்ற பதில்) கொடுத்துத் திருப்புவது எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி என்ற இரண்டு வெப் சர்வர்களுக்கும் இயல்பு. அதனால் சிக்கல் மறைந்தே இருக்கும். முதல்.ஹெச்டிஎம்எல் என்ற ஃபைலாகப் பில்ட் ஆகி, எக்ஸ்டென்ஷன் இல்லாத முகவரியில் பரிமாறப்படும் இடங்களில்தான் பல்லைக் காட்டும். தளம் உருவாக்கும் கருவியான நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் ஸ்டாட்டிக் எக்ஸ்போர்ட் இயல்பாக இப்படித்தான் ஃபைல் எழுதுகிறது. ட்ரெய்லிங்ஸ்லாஷ் அமைப்பை ட்ரூ ஆக்கினால் ஃபோல்டரும் உள்ளே இன்டெக்ஸுமாக எழுதும். எதையாவது ஒன்றைத் தேர்ந்து, தளம் முழுக்க, சைட்மேப்பிலும் கனானிக்கல் டேகிலும்கூட (பக்கத்தின் அதிகாரபூர்வ முகவரியைச் சொல்லும் டேக்), அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது ஸ்லாஷோடு முடியும் முகவரி. ஹோஸ்ட் மாறினாலும் அதுதான் குறைவாகத் தொல்லை தரும்.

எஞ்சின்எக்ஸ் இந்த 301-ஐ அனுப்பும்போது முழு முகவரியாக அனுப்பும். கன்டெய்னருக்குள் 8080-இல் ஓடுகிற எஞ்சின்எக்ஸ், வெளியே 443-இல் வந்தவரைத் தன் 8080-க்குத் திருப்பிவிடுவது அதனால்தான். அப்சொல்யூட்_ரீடைரெக்ட் என்பதை ஆஃப் செய்தால் பாதையை மட்டும் அனுப்பும்.

மூன்று வழிகள், அவற்றின் குணம்

முழுக்க ரிலேட்டிவ் லிங்குகளாக எழுதலாம். பெரிய லாபம், தளத்தை எந்த ஃபோல்டரில் தூக்கிப் போட்டாலும் ஓடும். ஜிப் செய்து அனுப்பும் ஆவணத் தொகுப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் டெம்ப்ளேட்டில் ஒரே ஹெடர் எல்லா ஆழத்திலும் வரும்போது, ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை .. என்று கணக்கிட்டுத் தர ஜெனரேட்டர் வேண்டும். 404 பக்கத்தில் இது முற்றாக உதவாது, காரணம் கீழே வருகிறது. டபுள் கிளிக் செய்து நேரடியாகத் திறக்கும் ஃபைலில் படங்களும் சிஎஸ்எஸ்ஸும் வரும்; ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்கள் மட்டும் பாதுகாப்பு விதியால் தடைபடும்.

இரண்டாவது வழி, ஹெச்டிஎம்எல்லின் பேஸ் டேக். ஹெட் பகுதியில் ஒரே ஒரு வரி போட்டால் எல்லா ரிலேட்டிவ் லிங்கும் அதிலிருந்து கணக்கிடப்படும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்லாஷில் தொடங்கும் லிங்குகளை இது தொடவே தொடாது. அவை எப்போதும் போல டொமைன் வேருக்கே போகும். பேஸ் டேக் போட்டும் படம் வரவில்லையே என்பவர்களின் கோடில் பார்த்தால் எல்லா லிங்கும் ஸ்லாஷில்தான் தொடங்கியிருக்கும். இரண்டாவது அடி பக்கத்துக்குள் தாவும் # லிங்குகளில் விழும். பேஸ் /குறிப்பேடு/ என்றிருந்தால், முதல் பதிவில் உள்ள #அட்டவணை என்ற லிங்க் அந்தப் பக்கத்துக்குள் தாவாமல் /குறிப்பேடு/#அட்டவணை என்று முகப்புக்கு ஓடிவிடும். ஒரு பக்கத்தில் இரண்டு பேஸ் டேக் இருந்தால் முதலாவதன் ஹெச்ரெஃப்தான் செல்லும். லிங்க், ஸ்கிரிப்ட் டேகுகளுக்கு முன்னாலேயே அது வந்துவிட வேண்டும். ஒரே பக்க ஆப் தவிர வேறெதற்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது, ஸ்லாஷில் தொடங்கும் பாதைக்கு முன்னால் பேஸ் பாத்தைப் பில்டின்போதே ஒட்டுவது. /குறிப்பேடு/படங்கள்/அட்டை.பிஎன்ஜி. எந்த ஆழத்தில் இருந்து பார்த்தாலும் ஒரே பொருள். பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும். நிபந்தனை ஒன்றுதான்: அந்த முன்னொட்டு ஒரே ஒரு இடத்தில், அமைப்பு ஃபைலில், எழுதப்பட்டிருக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் யாராவது கையால் ரெப்போ பெயரைத் தட்டச்சு செய்த அன்றே அடுத்த இடமாற்றத்துக்கான வேலை சேர்ந்துவிட்டது.

ஒட்டும் இடத்தில் வரும் விபத்து

ஒட்டுவது வெறும் எழுத்துச் சேர்க்கை போலத் தெரியும், ஆனால் இரண்டு விதமாகக் காலை வாரும். பேஸ் பாத் வெறும் / ஆக இருக்கும்போது /படங்கள்/அட்டை என்பதோடு சேர்த்தால் //படங்கள்/அட்டை. இரட்டை ஸ்லாஷில் தொடங்கும் லிங்குக்கு வேறு பொருள் உண்டு: அதற்கு அடுத்து வருவது டொமைன் பெயர். பிரவுசர் ‘படங்கள்’ என்ற சர்வரைத் தேடிக் கிளம்பிவிடும். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் டேபில் 404 வராமல், டொமைன் கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். மறுபக்கம், /குறிப்பேடு என்பதோடு படங்கள்/அட்டை சேர்ந்தால் /குறிப்பேடுபடங்கள்/அட்டை.

பேஸ் பாத்தின் கடைசியில் உள்ள ஸ்லாஷ்களையும் பாதையின் தொடக்கத்தில் உள்ள ஸ்லாஷ்களையும் நீக்கிவிட்டு, நடுவில் ஒன்று வைக்கும் சின்ன ஃபங்ஷன் எழுதி, அதன் வழியாக மட்டுமே லிங்க் உருவாகும்படி செய்யுங்கள். ஐந்து வரிகூட ஆகாது. ஏற்கெனவே முன்னொட்டு உள்ள லிங்கை இன்னொரு முறை அதற்குள் அனுப்பினால் /குறிப்பேடு/குறிப்பேடு/ வரும். எனவே டேட்டா ஃபைல்களிலும் மார்க்டவுனிலும் முன்னொட்டு இல்லாத பாதையை மட்டும் வையுங்கள், கடைசியில் ஹெச்டிஎம்எல் எழுதும் இடத்தில் ஒருமுறை ஒட்டுங்கள்.

கருவிக்கு ஒரு வழக்கம்

தளம் உருவாக்கும் ஒவ்வொரு கருவியும் பேஸ் பாத்தை ஒவ்வொரு விதமாகக் கேட்கும். ஜெகிலில் யூஆர்எல், பேஸ்யூஆர்எல் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முன்னது டொமைன், பின்னது பாதை. பின்னது ஸ்லாஷில் தொடங்கும், ஸ்லாஷில் முடியக்கூடாது. லிங்குகளை ரிலேட்டிவ்_யூஆர்எல் ஃபில்டர் வழியாக விட்டால் போதும். பெயர் ரிலேட்டிவ் என்றாலும் அது தருவது முன்னொட்டு போட்ட ஸ்லாஷ் பாதைதான்.

ஹ்யூகோவில் பேஸ்யூஆர்எல் என்பது டொமைனும் பாதையும் சேர்ந்த முழு முகவரி, ஸ்லாஷில் முடிய வேண்டும். ரெல்யூஆர்எல் ஃபங்ஷனுக்குள் கொடுக்கும் பாதை ஸ்லாஷில் தொடங்கினால் அது பேஸ் பாத்தை ஒட்டாது. ஜெகிலிலிருந்து வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஸ்லாஷ் போட்டுவிட்டு, ஃபங்ஷன் வேலை செய்யவில்லை என்பார்கள். ஸ்லாஷை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மார்க்டவுனுக்குள் நேரடியாக எழுதிய ஸ்லாஷ் பாதைகளுக்கு ரெண்டர் ஹுக் (மார்க்டவுன் லிங்க் ஹெச்டிஎம்எல் ஆகும்போது அதை மாற்றும் டெம்ப்ளேட்) எழுதுவது நல்ல வழி.

வீட் (Vite) என்ற பில்ட் கருவியில் பேஸ் அமைப்பு ஸ்லாஷில் தொடங்கி ஸ்லாஷில் முடியும். இம்போர்ட் செய்த படம், சிஎஸ்எஸ்ஸுக்குள் உள்ள யூஆர்எல், இன்டெக்ஸ் பக்கத்தின் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் அதுவே மாற்றிவிடும். ஏ டேகின் ஹெச்ரெஃபை மாற்றாது. ஜாவாஸ்கிரிப்டுக்குள் நீங்கள் சரமாக எழுதி வைத்த பாதையையும் மாற்றாது, அங்கே இம்போர்ட்.மெட்டா.என்வ்.பேஸ்_யூஆர்எல் என்பதை நீங்களே முன்னால் சேர்க்க வேண்டும். ஆஸ்ட்ரோவும் அப்படியே: பேஸ் கொடுத்தாலும் நீங்கள் எழுதும் லிங்குகள் உங்கள் பொறுப்பு. நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் பேஸ்பாத்துக்கு முடிவில் ஸ்லாஷ் கூடாது. அதன் லிங்க் கம்போனென்ட் முன்னொட்டைத் தானே சேர்க்கும், இமேஜ் கம்போனென்டின் எஸ்ஆர்சியில் நாமே சேர்க்க வேண்டும். லெவன்டியில் பாத்ப்ரிஃபிக்ஸ் உண்டு, கூடவே ஹெச்டிஎம்எல் பேஸ் ப்ளகின் போட்டால் வெளிவந்த ஹெச்டிஎம்எல்லையே படித்து லிங்குகளைத் திருத்தித் தரும். பழைய பெரிய தளத்தை சப்ஃபோல்டருக்கு மாற்றும்போது இது பெரிய நிம்மதி.

ரியாக்ட் ரவுட்டரின் பேஸ்நேம், வ்யூ ரவுட்டரின் ஹிஸ்டரிக்குக் கொடுக்கும் பேஸ் ஆகியவை வேறு. அவை ஆப்புக்குள் பக்கம் மாறுவதைப் பார்த்துக்கொள்பவை. பில்ட் கருவிக்கு மட்டும் சொல்லிவிட்டு ரவுட்டருக்குச் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் எல்லாம் இறங்கும், பக்கம் மட்டும் காலியாக நிற்கும்.

எந்த ஃபைலிலிருந்து கணக்கிடுகிறது?

சிஎஸ்எஸ் ஃபைலுக்குள் எழுதிய ரிலேட்டிவ் யூஆர்எல், அந்த சிஎஸ்எஸ் ஃபைலின் முகவரியிலிருந்து கணக்கிடப்படும், பக்கத்திலிருந்து அல்ல. அதனால் சிஎஸ்எஸ்ஸிலிருந்து எழுத்துருவுக்கு ../எழுத்துருக்கள்/ என்று எழுதுவது எந்த பேஸ் பாத்திலும் உடையாது. ஸ்டைல் அட்ரிப்யூட்டுக்குள் அதையே எழுதினால் பக்கத்தின் முகவரிதான் கணக்கு. ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் செய்யும் ரிலேட்டிவ் பாதை, ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தாலும் பக்கத்திலிருந்தே கணக்கிடப்படும். மாட்யூலின் இம்போர்ட் மட்டும் மாட்யூல் ஃபைலிலிருந்து. தேடல் வசதிக்கான ஜேசன் ஃபைல் முகப்பில் கிடைத்து, உள் பக்கங்களில் 404 ஆவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

வேரோடு கட்டிப்போட்டவை

ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி டொமைனின் வேரில் மட்டுமே மதிக்கப்படும். சப்ஃபோல்டரில் வைத்த ரோபோட்ஸை எந்தத் தேடுபொறியும் பார்க்காது. ஃபேவிகானை லிங்க் டேகில் சொல்லாவிட்டால் பிரவுசர் டொமைன் வேரில்தான் கேட்கும், எனவே முன்னொட்டோடு சொல்லிவிடுங்கள். கனானிக்கல், ஓபன் கிராஃப் படம், ஆர்எஸ்எஸ் ஊட்டத்தில் வரும் லிங்குகள் ஆகியவற்றை டொமைனோடு முழு முகவரியாகவே கொடுங்கள். ஊட்டத்தை வேறெங்கோ திறக்கிறவருக்கு உங்கள் பக்க முகவரி தெரியாது.

404.ஹெச்டிஎம்எல் தனி ரகம். /குறிப்பேடு/அ/ஆ/இ என்ற இல்லாத முகவரிக்கும் அதே பக்கம்தான் வரும், /குறிப்பேடு/அ என்பதற்கும் அதேதான். அட்ரஸ் பாரில் இருப்பதோ கேட்ட முகவரி. அதனால் அதற்குள் எழுதிய ரிலேட்டிவ் லிங்க் எந்த ஆழத்துக்கும் பொருந்தாது. தளம் முழுக்க ரிலேட்டிவ் என்றாலும் இந்த ஒரு பக்கத்தில் முன்னொட்டோடு கூடிய ஸ்லாஷ் பாதையே போடுங்கள்.

சர்வீஸ் வொர்க்கரின் (பக்கத்துக்குப் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) எல்லை, இயல்பாக அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரும் அதற்குக் கீழேயும்தான். தளத்தை ஆப்பாக நிறுவ உதவும் மேனிஃபெஸ்டின் ஸ்டார்ட்_யூஆர்எல் மேனிஃபெஸ்ட் ஃபைலிலிருந்து கணக்கிடப்படும். அங்கே வெறும் / என்று எழுதினால் ஹோம் ஸ்க்ரீனில் சேர்த்த ஆப் வேறு தளத்தைத் திறக்கப் பார்க்கும். புள்ளியும் ஸ்லாஷும் போட்டால் போதும். இன்னொன்று, பிரவுசருக்குள் தளம் தகவல் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜுக்கு பேஸ் பாத் எல்லாம் தெரியாது. ஒரே பயனரின் இரண்டு ப்ராஜெக்ட் தளங்கள் ஒரே ஆரிஜினில், அதாவது ஒரே டொமைனில், இருப்பதால் ஒன்று எழுதிய ‘தீம்’ மற்றொன்றுக்கும் தெரியும். சாவிக்கு முன்னால் தளத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

சர்வர் பக்கம்

எஞ்சின்எக்ஸில் லொகேஷன் /குறிப்பேடு/ என்று எழுதி ரூட் கொடுத்தால், கோரிக்கையின் முழுப் பாதையையும் ரூட்டோடு ஒட்டி, அந்த ஃபோல்டருக்குள் குறிப்பேடு என்ற ஃபோல்டரைத் தேடும். ஏலியஸ் கொடுத்தால் முன்னொட்டை நீக்கிவிட்டுத் தேடும். ஏலியஸ் போடும்போது லொகேஷன், ஏலியஸ் இரண்டும் ஸ்லாஷில் முடியட்டும். லொகேஷனில் ஸ்லாஷ் விட்டு ஏலியஸில் மட்டும் போட்டால், /குறிப்பேடு../ என்று கேட்டு ஒரு படி மேலே உள்ள ஃபைல்களை எடுத்துவிட முடியும். இது வெறும் உடைந்த லிங்க் அல்ல, பாதுகாப்பு ஓட்டை. ப்ராக்ஸி_பாஸ் முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தால் முன்னொட்டு கழற்றப்பட்டுப் பின்னால் போகும், வெறும் ஹோஸ்டும் போர்ட்டும் என்றால் முழுப் பாதையும் அப்படியே போகும்.

அமேசானின் கிளவுட்ஃப்ரண்ட் சேவையில் டீஃபால்ட் ரூட் ஆப்ஜெக்ட் தளத்தின் வேருக்கு மட்டும் பொருந்தும். /பதிவுகள்/ என்று கேட்டால் அதற்குள் இன்டெக்ஸைத் தேடாது. அமேசானின் சேமிப்பகமான எஸ்3-யின் வெப்சைட் எண்ட்பாயின்ட்டை ஆரிஜினாக (ஃபைல்களை எடுக்கும் மூலமாக) வைக்கவோ, பாதையின் கடைசியில் இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் சேர்க்கும் சிறு ஃபங்ஷன் எழுதவோ வேண்டும்.

எல்லா விடுபட்ட முகவரிக்கும் இன்டெக்ஸ் பக்கத்தையே 200-ஓடு தரும்படி ஹோஸ்டை அமைத்திருந்தால் தவறான பேஸ் பாத் 404 ஆகத் தெரியாது. ஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் ஹெச்டிஎம்எல் வரும். கன்சோலில் ‘எதிர்பாராத <’ என்றோ, மைம் வகை பொருந்தவில்லை என்றோ பிழை வரும். ஸ்கிரிப்டில் தவறு தேடாமல் அந்தக் கோரிக்கையின் ரெஸ்பான்ஸைத் திறந்து பாருங்கள்.

பாதை சரி, ஃபைலும் இருக்கிறது, ஆனாலும் 404 என்றால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, பெரிய எழுத்து சின்ன எழுத்து: விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். எழுத்தை மட்டும் மாற்றிப் பெயரிட்டதை கிட் கவனிக்காமல் விடலாம். வேறு பெயருக்கு மாற்றி கமிட் செய்து மறுபடி மாற்றுங்கள். இரண்டு, அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்: கிட்ஹப் பேஜஸ் ஜெகில் வழியாகப் பில்ட் செய்யும்போது அதை விட்டுவிடும். தளத்தின் வேரில் .நோஜெகில் என்ற காலி ஃபைல் வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு: ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடாகவும் இருக்கலாம், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு பைட்டுகள். ஃபைல் பெயரையும் லிங்கையும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றுமுன் பார்ப்பது

ஒரு தற்காலிக ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் பேஸ் பாத்தின் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் வைத்து, பில்ட் ஆனவற்றை அதற்குள் நகலெடுங்கள். வெளி ஃபோல்டரிலிருந்து பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி.சர்வரை 8000-இல் ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட்:8000/குறிப்பேடு/ திறங்கள். வேரில் எதுவும் இல்லாததால் முன்னொட்டு தவறிய ஒவ்வொன்றும் உடனே 404 ஆகும். கேஷை முடக்கி, முகப்பு, ஆழமான ஒரு பதிவு, பக்கத்துக்குள் தாவும் ஒரு லிங்க் இவற்றை நெட்வொர்க் டேபோடு பாருங்கள். உங்கள் 404 பக்கத்தை இந்தச் சர்வர் தராது, அதை ஏற்றிய பிறகே சோதிக்க முடியும்.

கூடவே பில்ட் ஃபோல்டரில், ஹெச்ரெஃப், எஸ்ஆர்சி, எஸ்ஆர்சிசெட், சிஎஸ்எஸ்ஸின் யூஆர்எல் ஆகியவற்றில் ஸ்லாஷில் தொடங்கி பேஸ் பாத் இல்லாதவற்றைத் தேடும் ஒரு கிரெப் (எழுத்துத் தேடல் கட்டளை) வரியைத் தானியங்கிப் பில்டில் சேருங்கள். கிடைத்தால் பில்ட் நிற்கட்டும். ஒரே படத்தின் பல அளவுகளைப் பட்டியலிடும் எஸ்ஆர்சிசெட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதில் காற்புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டாவது, மூன்றாவது பாதைகளையும் அந்த கிரெப் பிடிக்க வேண்டும்.

சொந்த டொமைன் வாங்கி கிட்ஹப் தளத்தோடு இணைத்த நாளில் எல்லாம் தலைகீழாகும். தளம் வேருக்கு வந்துவிடும், பேஸ் பாத் / ஆக மாற வேண்டும், மாற்றாவிட்டால் சிஎஸ்எஸ் மறுபடி போகும். பழைய கிட்ஹப்.ஐஓ முகவரிக்கு வருபவர்களை கிட்ஹப்பே புது டொமைனுக்குத் திருப்பிவிடும். சர்வரில் ரீடைரெக்ட் எழுத முடியாத ஹோஸ்டில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், பழைய பாதை ஒவ்வொன்றிலும் மெட்டா ரெஃப்ரெஷும் (பக்கத்தைப் புது முகவரிக்குத் திருப்பும் டேக்) கனானிக்கலும் உள்ள சிறு பக்கம் வைக்க வேண்டும். மெட்டா ரெஃப்ரெஷ் #-க்குப் பின்னால் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போகாது. அது வேண்டுமென்றால் லொகேஷன்.ரீப்ளேஸில் பழைய ஹேஷை (அந்த # பகுதியை) சேர்த்து அனுப்பும் ஒரு வரி ஸ்கிரிப்டை மெட்டாவுக்கு முன்னால் போடுங்கள்.